உழைப்பவருக்கு நன்றி மட்டும் போதுமா?



பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டதிலிருந்து, தொழில்நுட்பம் என்று யாராவது ஆரம்பித்தாலே நம் பக்கத்துப் பேச்சு சம்பளத்தில்தான் போய் நிற்கிறது. எந்தக் கம்பெனி வருகிறது, எத்தனை பேரை எடுக்கிறார்கள், இந்துக் கல்லூரியில் படித்துவிட்டு வரும் பிள்ளை கிண்டிக்கும் தரமணிக்கும் ரயில் மாறி மாறி அலையாமல் உள்ளூரிலேயே வேலைக்குப் போக முடியுமா? எல்லாம் நியாயமான கேள்விகள். நானும் கேட்பவன்தான். ஆனால் போன இதழ் வெளியான பிறகு வந்த கடிதங்களில் ஒன்று, சம்பளமே இல்லாத தொழில்நுட்ப வேலையைப் பற்றியது. எழுதியவர் ஒரு கல்லூரி மாணவி. தமிழ் விக்கிமூலத்தில் ஒரு வருஷமாக மெய்ப்புப் பார்த்து வருகிறாராம். காசு வேண்டாம், பெயர்கூட வேண்டாம் என்கிறார். அவர் கேட்பது இதுதான்: “இந்தத் தளத்தை நடத்தும் அமைப்பு ஒன்று எங்கோ இருக்கிறதே, அதில் முடிவெடுப்பவர்கள் யார்? எங்களை ஒரு வார்த்தை கேட்பார்களா?”

இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன். கேட்டது ஒருவர் என்றாலும் நம்மில் பலருக்கு உரிய கேள்வி இது. கோயில் திருப்பணி, நூலக வாசகர் வட்டம், ரத்ததானக் குழு, குடியிருப்போர் நலச்சங்கம் என்று எங்காவது கைக்காசும் நேரமும் கொடுத்து உழைப்பவர்கள் நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இணையத்தில் அப்படி உழைப்பவர்களின் கதை வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மின்வருடி, தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுமக்களுக்குக் கொடுத்தது. அவை விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டன. ஒரு பக்கத்தைத் திறந்தால் திரையின் ஒரு பாதியில் பழைய அச்சுப் பக்கத்தின் படம் இருக்கும். மறு பாதியில் அந்தப் படத்தைக் கணினி படித்து எடுத்த எழுத்து இருக்கும். கணினிக்கு நம் எழுத்தில் சில இடங்கள் பிடிபடுவதே இல்லை. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ வந்து உட்கார்ந்திருக்கும். ‘ன’வும் ‘ள’வும் இடம் மாறியிருக்கும். மங்கிய அச்சில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பாதி காணாமல் போயிருக்கும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் என்றால் இடப் பக்கத்து வரியும் வலப் பக்கத்து வரியும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு சொல்லையும் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தி முடித்தால் மஞ்சள். இரண்டாவதாக வேறொருவர் வந்து மறுபடி சரிபார்த்தால்தான் பச்சை. முதலில் பார்த்தவரே பச்சை போட முடியாது. அடர்ந்த உரைநடைப் பக்கம் ஒன்றுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். ஒரு நூலில் முந்நூறு பக்கம் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே அதன் சகோதரத் தளமான விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்கத்தில் அதைத் தாங்கி நின்றவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அவருக்கு 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது கிடைத்தது. 2017இல் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. யாழ்ப்பாணம், சேலம், கோவை, சென்னை, சிங்கப்பூர், டொராண்டோ என்று எங்கெங்கோ இருந்து, முகம் பார்க்காதவர்கள் சேர்ந்து எழுதியது. சர்ச்சை வந்தால் பேச்சுப் பக்கத்தில் பேசித் தீர்ப்பார்கள். பொதுவான விஷயம் என்றால் ‘ஆலமரத்தடி’ என்ற பக்கத்தில் கூடுவார்கள். நிருவாகிகளையும் அவர்களே முன்மொழிந்து, ஆதரவும் எதிர்ப்பும் பதிவு செய்து தேர்ந்தெடுக்கிறார்கள். அதாவது தளத்துக்குள் என்ன எழுதுவது, எப்படி எழுதுவது, யாரைத் தடை செய்வது என்பதெல்லாம் தன்னார்வலர் கையில்தான் இருக்கிறது. இந்த உரிமை பெரிது. குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் வழங்கிகள் யாருடையவை? விக்கிப்பீடியா என்ற பெயரின் வணிகக் குறி யாருக்குச் சொந்தம்? வருகிற நன்கொடை எங்கே போகிறது? எந்த மென்பொருளைச் செப்பனிடுவது, எந்த மொழிக்கு எவ்வளவு ஒதுக்குவது? இவையெல்லாம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளையின் கையில். அறுநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள். ஆண்டுச் செலவு 15 கோடி டாலருக்கு மேல். நம் வாசகி கேட்டது அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான்.

அந்த அமைப்பு 2003 ஜூனில் ஜிம்மி வேல்ஸ் பதிவு செய்தது. முதலில் எழுதிய துணைவிதிகளில் பங்களிப்பாளர்களை உறுப்பினர்களாகக் கொள்ளும் ஏற்பாடு இருந்தது. 2004இல் அறங்காவலர் குழுவுக்கு முதல் தேர்தல் நடந்தது. ஏஞ்சலா பீஸ்லி, ஃபுளோரன்ஸ் தெவுவார் என்ற இரண்டு பெண்கள், இருவருமே தளத்தில் எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர்கள், தேர்வானார்கள். பிறகு 2006இல் துணைவிதிகள் திருத்தப்பட்டன. அறக்கட்டளைக்கு உறுப்பினர் என்று யாரும் இல்லை என்று ஆனது. தேர்தல் தொடர்ந்தது, உறுப்பினர் உரிமை போயிற்று.

இந்த வேறுபாடு என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். என் பார்வையில் மொத்தக் கதையின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. உறுப்பினராக இருந்தால் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கலாம், கணக்கைப் பார்க்கலாம், நிர்வாகத்தின் தீர்மானத்தைத் தோற்கடிக்கலாம். வெறும் வாக்காளர் என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலரைப் பரிந்துரைப்பதோடு சரி. அந்தப் பரிந்துரையை ஏற்று நியமிப்பதும் பழைய குழுதான். நியமித்தவர்களை நீக்கும் அதிகாரமும் அதனிடம்தான். இது ஏட்டளவில் மட்டும் இருந்த அதிகாரம் அல்ல. கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெயில்மன், விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைச் செப்பனிடுவதில் பல ஆண்டுகள் உழைத்தவர், 2015இல் தன்னார்வலர் வாக்குகளால் குழுவுக்குப் போனார். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று மற்ற அறங்காவலர்கள் ஓட்டுப்போட்டு அவரை நீக்கினார்கள். நம்பிக்கை இல்லை என்றது குழு. வெளிப்படைத்தன்மை கேட்டதால் வந்த மோதல் என்றார் அவர். 2017இல் அவர் மறுபடி நின்றார், தன்னார்வலர்கள் அவரையே மறுபடி அனுப்பினார்கள். இடையில் இருந்த ஒன்றரை வருஷத்தில் வாக்களித்தவர்கள் கையில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை.

இன்றைய ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் குழுவின் இடங்கள் பத்திலிருந்து 16 ஆக உயர்ந்தன. அவற்றில் எட்டு, தன்னார்வலர்களும் அவர்களுடைய அமைப்புகளும் தேர்ந்தெடுப்பவை. ஏழு நியமன இடங்கள், ஒன்று நிறுவனருக்கு. முன்பு மும்பையைச் சேர்ந்த எழுத்தாளர் பிஷாகா தத்தா 2010 முதல் சில ஆண்டுகள் இந்தக் குழுவில் இருந்தார். அவர் வந்தது நியமன இடத்தில். வாக்களிக்க என்ன தகுதி? அண்மைத் தேர்தல்களில் இருந்த விதிப்படி, விக்கித் திட்டங்கள் எல்லாவற்றிலுமாகச் சேர்த்து 300 தொகுப்புகள் செய்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஆறு மாதத்தில் 20 தொகுப்புகளாவது இருக்க வேண்டும். விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தால் அதுவும் ஒரு தொகுப்பு. ஆகவே அம்மா, ஒரு வருஷம் மெய்ப்புப் பார்த்த உங்களுக்கு அநேகமாக வாக்குரிமை இருக்கிறது. உங்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வாக்களிப்பதும் கடினமல்ல. வழக்கமான கணக்கில் நுழைந்தால் வாக்குப் பக்கம் திறக்கும். மாநிலங்களவைத் தேர்தலில் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்களே, 2021 முதல் இங்கும் அதே முறை. அந்த 2021 தேர்தலில் உலகம் முழுவதும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். தகுதியுள்ளவர்களில் பத்தில் ஒருவர். மீதி ஒன்பது பேருக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. வேட்பாளர்களின் அறிமுகமும் கேள்வி பதில்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. யாரும் தமிழாக்கினால்தான் தமிழில் கிடைக்கும், அந்தத் தமிழாக்கமும் தன்னார்வலர் வேலை. நாள் முழுக்கத் தமிழில் உழைப்பவர், ஓட்டுப்போடும் நாளில் மட்டும் ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊதியம் பெறும் ஊழியர்களைக் கொண்டு பத்துப் பதினைந்து பெரிய மொழிகளிலாவது இதை முழுமையாகச் செய்ய அந்த அமைப்பால் முடியும். செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி 2024. இந்த விஷயத்தில் நான் அதிகம் யோசித்தது அந்த ஆண்டைப் பற்றித்தான்.

விக்கிமீடியா இயக்கத்தின் 2030ஆம் ஆண்டுக்கான திட்டத்தை வகுத்தபோது, முடிவெடுப்பதில் எல்லோருக்கும் சமமான பங்கு வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. அதை எழுத்தில் கொண்டுவர 2021இல் பதினைந்து பேர் கொண்ட வரைவுக் குழு அமைந்தது. ஏழு பேர் தன்னார்வலர் வாக்கில் வந்தவர்கள், ஆறு பேர் தன்னார்வலர் அமைப்புகள் அனுப்பியவர்கள், இரண்டு பேர் அறக்கட்டளை நியமித்தவர்கள். இரண்டரை ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து இயக்கத்தின் சாசனம் ஒன்றை எழுதினார்கள். உலகப் பேரவை ஒன்று அமைக்க வேண்டும், நிதிப் பகிர்வு, தொழில்நுட்ப முன்னுரிமை போன்றவற்றில் அதற்குப் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். 2024 ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலுமாக வாக்கெடுப்பு நடந்தது. தனிநபர் வாக்குகளில் ஏறத்தாழ 73 விழுக்காடு ஆதரவு. அமைப்புகளின் வாக்குகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல். மூன்றாவதாக அறங்காவலர் குழுவும் ஏற்றால்தான் சாசனம் நிறைவேறும் என்பது விதி. குழு ஏற்கவில்லை. சாசனம் அத்தோடு நின்றது.

குழு சொன்ன காரணங்களை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். உலகப் பேரவையின் நோக்கம் தெளிவாக இல்லை, செலவும் சிக்கலும் கூடும், சட்டப்படி பொறுப்பு அறங்காவலர் தலையில்தான் இருக்கிறது என்றார்கள். பதிலாக, நிதிப் பகிர்வுக்கு ஒரு குழுவும் தொழில்நுட்பத்துக்கு ஓர் ஆலோசனைக் குழுவும் சோதனையாகத் தொடங்கலாம் என்றார்கள், தொடங்கவும் செய்தார்கள். வழக்கு வந்தால், வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அறங்காவலர் என்பது உண்மை. எந்த ஊர் அறக்கட்டளையில் கையெழுத்துப் போட்டவரைக் கேட்டாலும் அந்தப் பயத்தைச் சொல்வார். சாசனத்திலும் குறைகள் இருந்தன. எதிர்த்து வாக்களித்த தன்னார்வலர்களும் அதையே சொன்னார்கள்.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆலோசனை கேட்பது வேறு, உரிமை கொடுப்பது வேறு. நம் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பந்தல் போடுவார்கள், மைக் கொடுப்பார்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். முடிவு ஏற்கெனவே கோப்பில் இருக்கும். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒரு பக்கம் நின்ற பிறகும் மறு பக்கத்துச் சில பேரின் முடிவே கடைசி என்றால், அந்த வாக்கெடுப்பும் பெரிய அளவில் நடந்த கருத்துக்கேட்பு என்றுதான் ஆகிறது.

சட்டப் பொறுப்பு இருப்பதால் அதிகாரமும் அங்கேயே இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு நடைமுறையில் ஒரு பதில் கால் நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளம் 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. உலகின் வழங்கிகள் பல அதிலோ, அதிலிருந்து பிறந்த உபுண்டு போன்றவற்றிலோ ஓடுகின்றன. 1998இல் அவர்கள் தங்களுக்கென்று ஓர் அரசியலமைப்பே எழுதிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் தலைவர் தேர்தல். வாக்குச் சீட்டில் ‘இவர்களில் எவரும் இல்லை’ என்ற வரியும் உண்டு. நமக்கு நோட்டா வருவதற்கு முன்பே அங்கே வந்துவிட்டது. தலைவர் எடுத்த முடிவு பிடிக்கவில்லையென்றால் ஐந்தாறு உறுப்பினர்கள் சேர்ந்து பொதுத் தீர்மானம் கொண்டுவரலாம், எல்லோரும் வாக்களித்து அதை ரத்து செய்யலாம். பணமும் வணிகக் குறியும்? அவற்றைச் சட்டப்படி வைத்திருப்பது வேறோர் அமைப்பு, அமெரிக்காவில் 1997இல் பதிவான லாபநோக்கமற்ற நிறுவனம். பெட்டிச் சாவி அவர்களிடம், என்ன செய்வது என்ற முடிவு உறுப்பினர்களிடம். உலகம் இடிந்து விழவில்லை. டெபியன் அளவில் சிறியது, விக்கிமீடியாவின் பணமும் வழக்குகளும் அதற்கு இல்லை என்று சொல்லலாம், சரிதான். ஆனால் சாவியையும் முடிவையும் பிரித்து வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

டெபியனிடம் கற்க இன்னொன்றும் இருக்கிறது. அங்கே நெடுங்காலம் நிரல் எழுதுபவர்களும் பொதிகளைப் பராமரிப்பவர்களும்தான் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள். மொழிபெயர்ப்பவர், கையேடு எழுதுபவர், வடிவமைப்பவர், கூட்டம் ஏற்பாடு செய்பவர் எல்லாம் வெளியே. 2010இல் பொதுத் தீர்மானம் போட்டு அவர்களையும் முழு உறுப்பினராக ஏற்றார்கள். விக்கியில் இன்றும் பெரும்பாலும் தொகுப்பு எண்ணிக்கைதான் அளவுகோல். கல்லூரிக் கல்லூரியாகப் போய்ப் பயிற்சிப் பட்டறை நடத்துபவர், பழைய நூல்களைத் தேடிப்பிடித்து மின்வருடிக் கொடுப்பவர், தளத்துக்குள் தொகுப்பு குறைவு என்பதால் வாக்கில்லாமல் நிற்கலாம். எண்ணுவதற்கு எளிதானதை மட்டும் உழைப்பாகக் கணக்கிட்டால், பெண்கள் பலரும் பெரியவர்கள் பலரும் செய்யும் வேலை கணக்கிலேயே வராமல் போகும்.

அதே சமயம் வாசலை மொத்தமாகத் திறந்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. உலக வரைபடத்தைத் தன்னார்வலர்களே வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்துக்கு 2006இல் பிரிட்டனில் ஓர் அறக்கட்டளை அமைந்தது. சந்தா கட்டினால் உறுப்பினர், உறுப்பினருக்கு வாக்கு. 2018 நவம்பரில், குழுத் தேர்தலுக்குச் சற்று முன்பு, இந்தியாவில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் நூறு பேர் மொத்தமாக உறுப்பினர் விண்ணப்பம் போட்டார்கள். திட்டம் அதிர்ந்தது, விசாரணை நடந்தது. பிறகு 2020இல் அவர்கள் செய்த மாற்றம் எனக்குப் பிடித்தது: ஓர் ஆண்டில் 42 நாட்களாவது வரைபடத்தில் வேலை செய்திருந்தால் சந்தா இல்லாமலே உறுப்பினராகலாம். பணம் கட்ட முடியாத ஊர்க்காரருக்கு உழைப்பே சந்தா. சந்தாவான பதினைந்து பவுண்டு என்பது லண்டனில் ஒரு வேளைச் சாப்பாடு. ஆவடியில் அப்படி அல்ல.

இதையெல்லாம் வெளியூர் விவகாரமாகப் பார்க்க வேண்டியதில்லை. உழைப்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நிர்வாகத்தில் பங்கு என்பதற்கு நம் ரயில் பாதையிலேயே வரலாறு இருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் பதிவானது திருவள்ளூர்ப் பக்கம் திரூரில். பட்டாபிராமில் மேற்கே போகும் வண்டியில் ஏறினால் சில நிறுத்தங்கள்தான். பங்குத் தொகை எவ்வளவு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. கிழக்கே ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு ‘சோசலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. அதற்கும் முன்பே, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தின் பிரதிநிதிகளை விடக் குறையாமல் உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டிக்கு வழி செய்தது. ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வேலை பார்த்த அப்பாக்கள் உள்ள வீடுகளில், ஒர்க்ஸ் கமிட்டித் தேர்தல் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. நோட்டீஸ் ஒட்டுவதும், கேட் மீட்டிங்கும், ஷிப்ட் முடிந்து வருபவரைப் பிடித்து ஓட்டுக் கேட்பதுமாக அந்த நாட்கள் இருக்கும்.

அந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைக்க வேண்டாம். நம் கூட்டுறவுச் சங்கங்கள் பல, ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர் கையில் கிடந்தன. தேர்தல் நடந்த காலத்திலும் கட்சிக்காரர்கள் புகுந்து உறுப்பினர் பட்டியலை நிரப்பியது உண்டு. ஒர்க்ஸ் கமிட்டிக்குப் பேசும் உரிமை இருந்த அளவுக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. தொழிலாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் சங்கம் வைத்துப் போராடியதால் கிடைத்தது. இணையத் திட்டங்களிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 2020இல் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பெயரிலேயே ‘விக்கிப்பீடியா’வைச் சேர்த்துக்கொள்ள முனைந்தபோது, தன்னார்வலர்களும் நாட்டு அமைப்புகளும் கூட்டாகக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். அந்த முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. அப்படி எதிர்க்க எந்தத் துணைவிதியும் இடம் தரவில்லை. ஒன்றாகக் கையெழுத்திட்டதுதான் வேலை செய்தது.

இந்தியாவில் விக்கிமீடியாவுக்கென்று ஒரு சங்கம் இருந்ததை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 2011இல் பெங்களூரில் பதிவான விக்கிமீடியா இந்தியா. உறுப்பினர் சேர்க்கை, செயற்குழுத் தேர்தல், பொதுக்குழு எல்லாம் உள்ள முறையான சங்கம். நாட்டின் பல மொழித் தன்னார்வலர்களும் அதில் சேர்ந்தார்கள். 2019இல் அறக்கட்டளை அதன் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அறிக்கை சமர்ப்பிப்பது போன்ற கடமைகளில் பின்தங்கியது, அமெரிக்காவிலிருந்து நேரடியாக நிதி பெறுவதற்குரிய சட்ட ஏற்பாடு அமையாதது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. வெளிநாட்டு நிதிக்கான அனுமதி, தணிக்கை, ஆண்டறிக்கை: கட்டுரை எழுதும் ஆசையில் வந்தவர்கள் யாரும் இவற்றுக்காக வரவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்து செய்கிறவர்கள் தலையில் இவை விழும்போது மூச்சு முட்டுகிறது. இந்தச் சங்கத்தின் முடிவை நான் தன்னார்வலர்களின் தோல்வியாக எண்ணவில்லை. ஆட்சியில் பங்கு கொடுப்பவர்கள் அந்தப் பங்கைத் தாங்க ஒரு கணக்காளரையும் ஒரு முழுநேர உதவியாளரையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். ஊருக்கு உழைக்கும் எந்தச் சங்கத்தையும் கேளுங்கள். மினிட்ஸ் புத்தகம் எழுத ஆள் கிடைக்காமல்தான் பாதி சங்கங்கள் படுத்துவிடுகின்றன.

நம் தமிழ்த் தொழில்நுட்ப உலகிலும் தன்னார்வத் திட்டங்கள் நிறைய. 1998 பொங்கலில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005 முதல் இலங்கைத் தமிழ் எழுத்துகளைப் பாதுகாக்கும் நூலகம், 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் என்று வரிசை நீளும். இவற்றில் பெரும்பாலானவை ஓரிருவரின் விடாமுயற்சியில் நடப்பவை. அந்த ஓரிருவருக்கு நாம் பட்ட கடன் தீராது. அவர்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியை அவர்கள் இருக்கும்போதே அன்போடு கேட்பதுதான் அந்தக் கடனுக்கு நாம் செய்யும் மரியாதை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் டைடல் பூங்காவில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ச் செயலி செய்யலாம், ஊர் வரைபடம் வரையலாம் என்று நாளை நாலு பேர் கிளம்புவார்கள். பதிவு செய்யப் போகும்போது ஆடிட்டர் முதலில் சொல்வது “டிரஸ்ட்டாகப் போட்டுவிடுங்கள், சுலபம்” என்பதாக இருக்கலாம். சுலபம்தான். ஆனால் அறக்கட்டளையில் அறங்காவலர்கள் மட்டுமே முடிவெடுப்பார்கள். மற்றவர்கள் எத்தனை ஆண்டு உழைத்தாலும் விருந்தாளிகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். அங்கே பொதுக்குழு உண்டு, ஆண்டுக்கொரு கூட்டம் உண்டு, கணக்கை உறுப்பினர் முன் வைக்க வேண்டும். வேலை கொஞ்சம் அதிகம். அறக்கட்டளையாகவே பதிந்தாலும், பத்திரத்திலேயே தன்னார்வலர் தேர்ந்தெடுக்கும் இடங்கள் இத்தனை, பதவிக்காலம் இத்தனை ஆண்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவரை நீக்க வேண்டுமானால் தேர்ந்தெடுத்தவர்களைக் கேட்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம். தொடங்கும் நாளில், எல்லோரும் நண்பர்களாக இருக்கும்போது, இதை எழுதுவது எளிது. பணமும் பெயரும் வந்த பிறகு யாருக்கும் மனம் வராது.

நிறுவனர்களுக்கு வரும் தயக்கமும் எனக்குப் புரிகிறது. நேற்று வந்தவர் நாளை ஓட்டுப்போட்டுத் திட்டத்தைத் திசைமாற்றிவிட்டால்? அதற்குத்தான் ஓராண்டு உழைப்பு, இத்தனை நாள் பங்களிப்பு என்ற தகுதிகள். அடிப்படை நோக்கத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பயத்துக்கெல்லாம் வழி இருக்கிறது. பங்கே கொடுக்காததால் மனம் வெறுத்து, சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போகும் தன்னார்வலரைத் திருப்பிக் கொண்டுவரத்தான் வழி இல்லை. அவர் சண்டை போடமாட்டார், ராஜினாமாக் கடிதம் எழுதமாட்டார். ஒரு மாலை அவர் கணக்கில் நுழைய மாட்டார், அவ்வளவுதான். யாரும் கவனிப்பதுகூட இல்லை.

அடுத்த அறங்காவலர் தேர்தல் அறிவிப்பு வரும்போது, வேட்பாளர்களின் அறிமுகங்களைத் தமிழாக்க விருப்பமுள்ள நம் வாசகர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க இந்த இதழ் தயாராக இருக்கிறது. சிறிய மொழிகளுக்கான மென்பொருள் வேலைக்கு என்ன செய்வீர்கள், அச்சுப் படத்தைப் படிக்கும் தமிழ் எழுத்துணரியைச் செம்மைப்படுத்தப் பணம் ஒதுக்குவீர்களா, சாசன வாக்கெடுப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வேட்பாளர்களிடம் தமிழிலேயே கேள்வி கேட்போம். ஆங்கிலத்தில் மாற்றிப் போட நம்மிடம் ஆள் உண்டு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருநின்றவூர் வட்டாரத்தில் நீங்கள் உழைக்கும் சங்கமோ அறக்கட்டளையோ நூலகக் குழுவோ, எதுவானாலும் சரி, அதில் உங்களுக்கு வாக்கு இருக்கிறதா? கடைசியாகப் பொதுக்குழு எப்போது கூடியது? கணக்கை உங்களுக்குக் காட்டினார்களா? நல்ல முறையில் நடக்கும் அமைப்பு என்றால் அதன் துணைவிதியில் தன்னார்வலர் பற்றிய பகுதியை நகலெடுத்து அனுப்புங்கள். மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்ள வசதியாக, வரும் இதழ்களில் ஒவ்வொன்றாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்